சாதிவெறியை 'சைக்கோ' என்று சொல்லாதீர்கள்



என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 2016 மார்ச் 13 அன்று உடுமலை சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அன்றிரவு கொலையாளிகளை "சைக்கோக்கள்" என்று முகநூலில் எழுதினேன். பலர் பகிர்ந்தார்கள். நம் வாசிப்பு வட்டத்துக்கு வரும் ஓர் இளம் தோழர் மட்டும் தனியே கேட்டார்: "தோழர், நானும் மனநல டாக்டர்கிட்டதான் போறேன். எனக்கும் அந்தப் பேருதானா?" அவருக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். என்னிடம் பதில் இல்லை. பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

ஆளுமைக் கோளாறு என்பது கெட்ட குணம் அல்ல. தன்னையும் பிறரையும் பார்க்கும் விதம், உணர்ச்சிகளைக் கையாளும் விதம் ஆகியவை இளவயதிலேயே ஒரு தடத்தில் இறுகிப்போய், ஆண்டுக்கணக்கில் வாழ்க்கையைக் குலைப்பது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு பத்து வகைகளைச் சொல்கிறது. எல்லோரையும் சந்தேகிப்பது, யாரோடும் ஒட்டாமல் இருப்பது, தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பது என்று அது போகும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலோ, பார்டர்லைன் என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வகைகளைக் கைவிட்டது. பாதிப்பு லேசானதா, நடுத்தரமா, கடுமையா என்றுதான் பார்க்கிறது. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

நம் தோழருக்கு, கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம். போனை யாராவது எடுக்காவிட்டால் தன்னையே காயப்படுத்திக்கொள்வார். பரம்பரைக் கூறும் குழந்தைப் பருவக் கொடுமைகளும் இதற்குக் காரணமாகலாம். "நீ அழறதே நடிப்பு" என்று உணர்ச்சியையே மறுக்கும் சூழலும்தான். வகுப்பில் சாதி சொல்லி அவமானப்படுத்தப்பட்ட பிள்ளையிடம் "இதைப் போய் பெரிசுபண்ணாதே" என்கிறோமே, அதுவும் அந்த மறுப்பு இல்லையா?

மாத்திரை துணைக்குத்தான். முதன்மையானது பேச்சு சிகிச்சை. டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி என்ற முறையை உருவாக்கிய மார்ஷா லினஹான், இளவயதில் தானே மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர் என்று 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். காலப்போக்கில் பலர் நன்றாகத் தேறுகிறார்கள். நம் தோழரும் தேறிவருகிறார்.

இப்போது கொலைகாரர்களுக்கு வருவோம். தான் வாழும் பண்பாட்டின் எதிர்பார்ப்பிலிருந்து வெகுவாக விலகிய போக்கையே அந்தக் கையேடு கோளாறு என்கிறது. சாதிவெறியன் எதிலிருந்து விலகினான்? அவன் குடும்பமும் சாதி சங்கமும் எதிர்பார்த்ததைத்தானே செய்கிறான்! அவனை நோயாளி என்றால் சாதி தப்பித்துக்கொள்கிறது.

மறுபக்கமும் உண்டு. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதற்கே ஒரு மனநோய்ப் பெயர் வைத்தார். நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவரின் சமூக நிலையையோ, ஊர் மதிப்பீடுகளுக்கு அவர் கட்டுப்படாததையோ வைத்து மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. சாதியை எதிர்த்துக் கத்துகிற பெண்ணிடம் "உனக்கு ஏதோ பிராப்ளம்" என்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

உதவி தேவைப்படுவோர் 14416 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

இந்த உரையை நேற்று அந்தத் தோழரிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "பிரிஞ்சுபோன காதலனையெல்லாம் நார்சிசிஸ்ட்னு திட்றோமே, அதையும் சேர்த்துக்கோங்க தோழர்" என்றார். சேர்த்துவிட்டேன்.