சாவிக்கொத்தோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டியவை
(அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



ஓய்வு பெறும் தலைமையாசிரியர் பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் என்னென்ன கைமாறுகின்றன? சேர்க்கைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, ரொக்கப் பதிவேடு, பீரோ சாவி. இருவரும் கையெழுத்திட்டால் வேலை முடிந்தது. ஆனால் பொங்கல் கழிந்ததும் எந்தக் குடும்பங்கள் பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குக் கிளம்பும், யார் போய்ப் பேசினால் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுச் செல்வார்கள், எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தையை எந்தக் கதை சொல்லி வழிக்குக் கொண்டுவரலாம்? இவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. முப்பது ஆண்டுகள் சேர்த்தது மாலை, சால்வையோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தபோது நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. அதுவும் தீர்ந்துவிட்டது. இப்போது கைவசம் இருப்பது மறுநியமனம். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியரை மாணவர் நலன் கருதி ஆண்டு முடியும் வரை வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அந்த மாதங்களில் வாரம் ஒரு பாடவேளை இளைய ஆசிரியரை அவர் வகுப்பில் உட்கார வையுங்கள். பிறகு இளையவர் பாடம் நடத்த, மூத்தவர் பின்வரிசையில் அமரட்டும். ஈராசிரியர் பள்ளியில் இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். அங்கே பெற்றோரைப் பார்க்கப் போகும்போது இளையவரையும் கூட அழைத்துப் போனால் போதும். மற்றதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வாங்கிவிடலாம்.

மலைப்பள்ளிக்குப் புதிதாக வருபவர் சேர்ந்த அன்றே, "மாறுதல் கலந்தாய்வு எப்போது சார்?" என்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வீடு தூரம், பேருந்து இரண்டு வேளைதான். ஆனால் வேலை கற்றுத்தர ஆளில்லாத இடத்தில் தங்க யாருக்குத்தான் மனம் வரும்? பதவி உயர்வு நம் கையில் இல்லை. நன்றாக நடத்துபவரைக் குறுவள மையக் கூட்டத்துக்குக் கருத்தாளராகப் பரிந்துரைப்பது நம் கையில் இருக்கிறது. உயர்கல்விக்கு முன்னனுமதி கேட்டு அவர் தரும் விண்ணப்பத்தை மேசையிலேயே கிடத்தாமல் அன்றே மேலே அனுப்புவதும் அப்படித்தான்.

அடுத்து ஓய்வூதியம். 1.4.2003 முதல் பணியேற்றவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு பிடிக்கப்பட்டது, அரசின் பங்கும் அதே அளவாக இருந்தது. அதன் நிறைகுறைகளைச் சங்கங்கள் பேசுகின்றன. நான் பேச வந்தது பணிப்பதிவேட்டைப் பற்றி. ஊதியமில்லா விடுப்பு, ஈட்டிய விடுப்பு, வாரிசு நியமனம் என்று ஏதாவது ஒரு பதிவு விடுபட்டாலும், கடைசி நேரத்தில் கருத்துரு திரும்பி வரும். அறுபது வயதில் ஒருவர் பழைய பள்ளிகளுக்கெல்லாம் நடந்து சான்று வாங்குவார். அதைப் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்க்கும் இளைய ஆசிரியர், தன் வேலையைப் பற்றி என்ன முடிவுக்கு வருவார்?

அடுத்த கூட்டத்துக்கு, இன்னும் இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெறுவோர் பட்டியலையும், அவர்களது பணிப்பதிவேடு கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதியையும் எழுதிக் கொண்டு வாருங்கள். தொடக்கப் பள்ளிக்காரர்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வாங்கி வாருங்கள்.