சிவப்பணுவுக்கு வரும் ஆணைகள்

பெங்களூரை 1898ஆம் ஆண்டில் பிளேக் நோய் தாக்கியது. நெரிசலான குடியிருப்புகளில் நோய் எளிதிற் பரவியதைக் கண்ட நிர்வாகம், அகன்ற தெருக்களும் காற்றோட்டமான மனைகளும் கொண்ட புதுப் பகுதிகளை அமைக்கலாயிற்று. இன்று புலிகேசி நகர் எனவும் வழங்கும் பிரேசர் டவுன் அவற்றுள் ஒன்று. கொள்ளைநோயைத் தடுக்கவே அச்செலவு செய்யப்பட்டது. ஊரின் துப்புரவுக்கும் இரத்தசோகைக்கும் உறவு உண்டு என்பது, உயிரணுக்களிடையே நிகழும் செய்திப் பரிமாற்றத்தை அறிவியல் அறிந்த பின்னரே விளங்கிற்று.

மனித உடலில் நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. ஒவ்வொன்றின் ஆயுளும் சுமார் 120 நாட்கள். இவ்வுற்பத்திக்கு ஆணை பிறப்பிப்பது சிறுநீரகம். பிராணவாயு குறைந்தால் அது எரித்ரோபாய்ட்டின் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜையிலுள்ள இளம் அணுவின் மேற்பரப்பில் அது பற்றியதும், உள்ளே ஜாக்-2 என்னும் நொதி விழிப்புற்று, ஸ்டாட்-5 என்னும் புரதத்தைத் தூண்டி உட்கருவுக்கு அனுப்புகிறது. பிழைத்திருந்து பெருகுக என்பதே ஆணை. அது கிட்டாத இளம் அணு தானே மடிகிறது. தேவையற்ற உற்பத்தியை இவ்வளவு சிக்கனமாக நிறுத்தும் தொழிற்சாலையைக் காண்பது அரிது!

ஆணை வந்தால் மட்டும் போதாது. இரும்பும் வந்து சேர வேண்டும். அதன் வாயிற்காவலன் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின். அது மிகுந்தால் குடலில் இரும்பு நுழையும் வாயில் அடைபடும், குறைந்தால் திறக்கும். மஜ்ஜையின் இளம் அணுக்கள் எரித்ரோஃபெரோன் என்னும் இயக்குநீரை அனுப்பி ஹெப்சிடினைக் குறைக்கின்றன என்பது 2014இல் வெளியாயிற்று. தொற்றும் அழற்சியுமோ அதனை உயர்த்துகின்றன. கிருமிகளுக்கும் இரும்பு தேவையாதலின், அவற்றைப் பட்டினியிட உடல் செய்துகொண்ட ஏற்பாடு இது. ஆனால் அடிக்கடி தொற்றுக்கு ஆளாகும் குழந்தை இரும்பு மருந்தை உட்கொண்டாலும், மஜ்ஜையை எட்டுவது சிறிதளவே.

இந்தியா 1970 முதல் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளை வழங்கி வருகிறது. 2018இல் இரத்தசோகையற்ற பாரதம் திட்டமும் தொடங்கிற்று. ஆயினும் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இரத்தசோகையுற்ற 15-49 வயதுப் பெண்கள் 2015-16இல் 53 சதவீதம். 2019-21இல் 57 சதவீதம். விரல்நுனி இரத்தத்தைக் கொண்டு அளப்பது மிகைபடக் காட்டக்கூடும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. மாத்திரையைப் பெற்றவர் எல்லோரும் உட்கொள்வதில்லை என்பதும் மறுப்பதற்கில்லை. உட்கொண்டவரிடத்தும் ஹெப்சிடின் குறுக்கிடுகிறது. ஒருநாள் மாத்திரையே மறுநாள் வரை அதனை உயர்த்துகிறது. இரும்புக் குறைவுற்ற பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது, ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சப்பட்ட பங்கு கூடியதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. கர்ப்பிணிகளுக்குரிய தினசரி முறையை இதனைக் கொண்டு அலுவலர் மாற்றிவிடலாகாது. அது மருத்துவரின் பொறுப்பு.

அலுவலரின் பொறுப்பு வேறு. வழங்கிய மாத்திரைகளின் எண்ணிக்கையை மட்டும் தரும் மாவட்ட அறிக்கை போதியதன்று. அதே அட்டவணையில் குடிநீர், கழிப்பிடம், குடற்புழு நீக்கம், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கும் பத்திகள் இருப்பின், மாத்திரை எந்த வட்டத்தில் வீணாகக்கூடும் என்பதை மாவட்ட ஆட்சியர் ஒரே பார்வையில் காண இயலும்.