சீட்டு இல்லாத சிக்கனம்

(யூபிலி விழாவை முன்னிட்டு நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி வருகிறது என்றதும் நம்மில் பலர் முதலில் கவனித்தது வீட்டைத்தான். உறவினர் வருவார்கள், சுவருக்கு வண்ணம் பூச வேண்டும், தரைக்கு டைல்ஸ் போட வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பிய்த்தெறிந்த கூரையை அன்று அவசரமாக மூடிவிட்டு, இப்போதுதான் சரியாகக் கட்டுகிறவர்களும் உண்டு. நல்ல காரியம். ஆனால் கடையில் நம்மிடம் கேட்கப்படும் ஒரு கேள்வியைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்: "பில் வேண்டுமா? வேண்டாமென்றால் ரொக்கம் கொடுங்கள், குறைத்துப் போடுகிறேன்."

ரொக்கம் கொடுப்பது பாவமல்ல. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை மாலையில் கையில் கூலி கொடுப்பது நியாயமே. உழைத்தவன் கூலியை இரவு முழுவதும் நம்மிடம் வைத்திருக்கக் கூடாது என்பது மோயீசன் காலத்துச் சட்டம். கடன் சொல்லாமல் உடனே பணம் தருகிறவருக்கு வியாபாரி தம் இலாபத்தில் கொஞ்சம் விட்டுக் கொடுப்பதிலும் தவறில்லை. ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வேலை செய்யும் சிறு கொத்தனார், தச்சர், எலெக்ட்ரீஷியன் ஆகியோர் பொதுவாகச் சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்யவே தேவையில்லை. அவர்கள் வரி போடவில்லையே என்று நாம் சந்தேகிக்க வேண்டாம்.

அப்படியானால் தவறு எங்கே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபாய்க்கு டைல்ஸ் வாங்குகிறோம். நூற்றுக்கு 18 வீதம் வரி 9,000. அதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. மொத்தம் 59,000. சீட்டு இல்லாமல் 54,000-க்குத் தருகிறார். நமக்கு 5,000 மிச்சம், அவருக்கு 4,000 மிச்சம். இந்த 9,000 யாருடையது? அவர் இலாபத்தில் விட்டுக் கொடுத்ததல்ல. அரசு மருத்துவமனையின் மருந்திலிருந்து, ரேஷன் அரிசியிலிருந்து, நம் பிள்ளைகள் நடக்கும் சாலையிலிருந்து எடுத்து இருவரும் பங்கு போட்டுக் கொண்டது.

வரி அதிகம் என்று நாம் சொல்லலாம். சிமெண்டுக்கு 28 வீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்க நமக்கு வாக்கு இருக்கிறது, வாய் இருக்கிறது. மறைக்க உரிமை இல்லை. வரி ஏய்ப்பையும் பொய்ச் சீட்டையும் திருச்சபையின் மறைக்கல்வி ஏழாம் கட்டளையின் கீழ்தான் வைத்திருக்கிறது.

எங்கள் வீட்டு அனுபவத்தையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் சீட்டு இல்லாமல் ஒரு தண்ணீர் மோட்டார் வாங்கினோம். ஆறே மாதத்தில் எரிந்துவிட்டது. கடைக்காரர், "இங்கே வாங்கியதற்கு என்ன அத்தாட்சி?" என்றார். நாங்கள் தலை குனிந்து திரும்பினோம். அது பண நஷ்டம், போகட்டும்.

இன்னொன்று போகவில்லை. அதே வேலையில் இருந்த கொத்தனார் ஒருவர், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் சேர்வதற்காக, எங்கள் வீட்டில் வேலை செய்தார் என்று ஒரு கையெழுத்துக் கேட்டார். 1994-இல் தமிழ்நாட்டில் ஏற்பட்ட வாரியம் அது. விபத்துக்கும் மரணத்துக்கும் உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. நாங்களோ, சீட்டு இல்லாமல் செய்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டால் நாளை யாராவது கணக்குக் கேட்பார்களோ என்று பயந்து, "பிறகு பார்க்கலாம்" என்றோம். அவர் மறுபடி கேட்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து வேறோர் இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தது. அட்டை இல்லை, உதவியும் இல்லை. நாங்கள் மிச்சப்படுத்திய ரூபாயின் விலை அதுதான். பழம் கொண்டு போய்ப் பார்த்தோம். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். கடையில் சீட்டுக் கேட்போம். கொத்தனாரிடம் சதுர அடிக் கணக்கையும், கொடுத்த முன்பணத்தையும் ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுவோம், சண்டையும் வராது. நம் வீட்டில் வேலை செய்கிறவரிடம், "வாரிய அட்டை இருக்கிறதா?" என்று நாமே முந்திக் கேட்போம். பெரிய வேலையாக இருந்தால் ஒன்றை நினைவில் வைப்போம்: ஒரே காரியத்துக்கு இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக்கூடாது என்பது 2017 முதல் சட்டம். வாங்குகிறவர்மேல் அபராதம் விழும். அவரை நாம் ஏன் மாட்டிவிட வேண்டும்?

கோவிலுக்கு வெள்ளையடித்தபோது சுண்ணாம்புக்கும் சீட்டுக் கேட்டு வாங்கிய நாம்தானே? கோவிலுக்குக் கேட்ட சீட்டை வீட்டுக்கு ஏன் கேட்கக் கூடாது?

பழைய ஏற்பாட்டில் யூபிலி என்பது விளக்கும் தோரணமும் அல்ல; பிறர்க்கு உரியதைத் திருப்பிக் கொடுக்கும் ஆண்டு. சக்கேயு தம் வீட்டை அலங்கரித்து ஆண்டவரை வரவேற்கவில்லை. கணக்கைத் தீர்த்து வரவேற்றார். புதுச்சுவர் கட்டும் நாமும் அப்படியே வரவேற்போம்.