அறியாக்கரி



"ஐயா, சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும்" என்று வாயிலில் வந்து நிற்போர் நம்மில் பலர்க்கும் பழக்கமானவர்களே. தாயகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் தமிழரிடையே இவ்வேண்டுகோள் சற்று மிகுதியாகவே எழும். உற்றாரும் பள்ளித் தோழரும் ஊர்க் கணக்குப் பிள்ளையும் இல்லாத இடத்தில், ஒருவன் இன்னான் என்று எடுத்துச் சொல்ல அண்டை வீட்டானைத் தவிர வேறு யார் உளர்?

அந்தமானில், ஷாதிபூரில், நம் வாயிலிலும் ஒருவர் இவ்வாறு வந்து நின்றார். இராமநாதபுரத்துக்காரர், உழைப்பாளி. குடியிருப்புச் சான்று வேண்டி விண்ணப்பம் எழுதியிருந்தார். நாம் உறுதியளிக்க வேண்டிய பிரமாணப் பத்திரமும் அச்சிட்டு ஆயத்தமாகக் கையில் இருந்தது. "இவர் பத்து ஆண்டுகளாக இவ்வூரில் வசித்துவருவதை நான் நேரில் அறிவேன்" என்பது அதன் வாசகம். நாம் அவரை அறிந்ததோ நான்கு ஆண்டுகளாகத்தான். அவர் பொய்யர் அல்லர். பத்து ஆண்டுகள் அவர் இங்கிருந்தது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பின் கையெழுத்திட என்ன தடை?

இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டே, பொய்ச்சாட்சி என்னும் சட்டச் சொல்லின் பொருளை இன்று சிறிது ஆராயப் புகுகின்றோம்.

ஆங்கிலச் சட்டத்தில் இதற்குப் 'பெர்ஜுரி' என்று பெயர். இலத்தீன் மொழியில் ஆணையிடுதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்த சொல் அது. பழந்தமிழில் ஆணையிட்டுக் கூறுவது சூள் எனப்பட்டது. பொய்யாக இடும் ஆணை பொய்ச்சூள். பரிபாடலின் எட்டாம் பாடலில், பரங்குன்றின்மேல் தலைவன் இடும் சூளைப் பற்றிய உரையாடலே வருகின்றது. ஆனால் அது காதலர்க்கிடையே எழுந்த வழக்கு. மன்றத்தில் நின்று சான்று பகர்தலுக்கு நம் முன்னோர் வழங்கிய சொல் 'கரி' என்பதாகும். பொய்யாகச் சான்று பகர்வோர் பொய்க்கரியாளர். இந்த இரண்டாவது சொல்லே நம் நாட்டுச் சட்டத்தின் கருத்துக்கு அணுக்கமானது. ஏனெனில், மெக்காலேயின் குழு 1837ஆம் ஆண்டில் வரைந்து, 1860ஆம் ஆண்டில் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றத்தின் பெயராகப் பெர்ஜுரி என்பதை ஆளாமல், 'பொய்ச்சாட்சி அளித்தல்' என்றே வழங்கிற்று. 2024 ஜூலை முதல் நாளன்று அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அவ்வழியே செல்கின்றது. பழைய 191ஆம் பிரிவு இன்று 227 ஆகிவிட்டது, பொருள் மாறவில்லை.

உண்மை கூறச் சட்டத்தால் கடமைப்பட்ட ஒருவர், பொய்யென்று தாம் அறிந்ததையோ நம்புவதையோ, அன்றி மெய்யென்று தாம் நம்பாததையோ கூறுவாராயின் அது பொய்ச்சாட்சி. இவ்விலக்கணத்தைக் காட்டிலும், அதனை அடுத்துச் சட்டமே தரும் எடுத்துக்காட்டுகள் சுவையானவை. ஒருவர்க்கு வரவேண்டிய ஆயிரம் ரூபாய் நியாயமான கடனே. அந்த நியாயமான வழக்கை வலுப்படுத்துவதற்காக, "கடன்பட்டவர் ஒப்புக்கொண்டதை என் காதால் கேட்டேன்" என்று கேளாத ஒருவர் சொல்கிறார். அவர் பொய்ச்சாட்சி அளித்தவரே. வழக்கின் நியாயம் அவரைக் காவாது. இன்னோர் எடுத்துக்காட்டு: இன்னவர் இன்ன நாளில் இன்ன இடத்தில் இருந்ததை அறிவேன் என்று, அதுபற்றி ஒன்றுமே அறியாத ஒருவர் கூறுகிறார். அம்மனிதர் அன்று அங்கே இருந்திருப்பினும் சரி, இல்லாதிருப்பினும் சரி, கூறியது பொய்ச்சாட்சியே. இதற்கு எதிர்மாறாக, ஒரு கையொப்பம் தமக்குத் தெரிந்தவருடையதே என்று நல்லெண்ணத்தோடு நம்பி, நம்புவதாகவே ஒருவர் சொன்னால், அது பின்னர் வேறொருவர் கையொப்பம் என்று தெரியவந்தாலும் அவர் குற்றவாளி அல்லர்.

இதில் ஒரு நுட்பம் இருக்கின்றது. செய்தி மெய்யாயிருந்தும் சாட்சி பொய்யாகலாம். செய்தி தவறாயிருந்தும் சாட்சி மெய்யாகலாம். சட்டம் நிறுத்துப் பார்ப்பது சொல்பவரின் அறிவையும் நம்பிக்கையையும் ஆகும்.

இந்நுட்பத்தை இளங்கோவடிகள் நன்கு அறிந்திருந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. புகார் நகரில் பூதசதுக்கம் என்றோர் இடம் இருந்தது. அங்குள்ள பூதம் தண்டிப்போருள் பொய்க்கரியாளரும் அடங்குவர். அடைக்கலக் காதையில் மாடலன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறான். கற்புடையாள் ஒருத்தியின்மீது ஒருவன் அவள் கணவனிடம் பழி கூறினான். பூதம் அவனைப் பாசத்தால் பிணித்தது. அவனுடைய தாய் துடித்தாள். அதைக் கண்ட கோவலன், "என்னுயிரைக் கொண்டு அவனை விடு" என்று பூதத்தை வேண்டினான். பூதம் இசையவில்லை, அவனை உண்டது. கோவலன் அத்தாயையும் அவள் சுற்றத்தையும் பொருள் கொடுத்துப் பல ஆண்டு புரந்தான். பழி கூறியவனின் சொல்லுக்கு அடிகள் இட்ட பெயர்தான் நம் கவனத்தை ஈர்ப்பது: அறியாக்கரி. தான் அறியாததற்குக் கரியாக நின்றான் என்பதே குற்றம். சட்டத்தின் எடுத்துக்காட்டும் இச்சொல்லும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள்.

பொய்க்கரியாளனுக்காக உயிர் கொடுக்க முன்வந்த அக்கோவலனே, பின்னர் மதுரையில் ஒரு பொற்கொல்லனின் பொய்ச்சொல்லால் வெட்டுண்டான். அங்கே ஆணை கேட்பாரில்லை, குறுக்கு வினாவில்லை. பூதமும் இல்லை.

பொய்யான சொல்லால் ஒருவன் உயிர் போகும் இந்நிலையைத் தண்டனைச் சட்டம் தனியே எடுத்து வைத்தது. மரணதண்டனைக்குரிய குற்றத்தில் ஒருவனைச் சிக்கவைக்கும் நோக்கத்தோடு பொய்ச்சாட்சி அளிப்பவர்க்கு 194ஆம் பிரிவு விதித்த தண்டனை ஆயுட்கால நாடுகடத்தல் அல்லது பத்தாண்டு வரை கடுங்காவல். குற்றமற்றவன் அதனால் தூக்கிலிடப்பட்டுவிட்டால், சாட்சி சொன்னவர்க்கும் மரணம் விதிக்கப்படலாம். 1858ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இங்கே தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபின், நாடுகடத்தல் என்றால் மக்கள் மனத்தில் அந்தமானே தோன்றிற்று. அச்சொல் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கி, 'ஆயுள் சிறை' என்பது அதன் இடத்தில் வந்தது 1956 ஜனவரி முதல்தான். ஷாதி என்றால் இந்துஸ்தானியில் திருமணம். நன்னடத்தையுடைய கைதிகள் மணம் செய்துகொண்டு குடியமர இசைவு பெற்ற காலத்தோடு ஷாதிபூர் என்னும் பெயரை இணைத்துச் சொல்வதுண்டு. பொய்ச்சாட்சிக்குச் சட்டம் வகுத்த கடுந்தண்டனைகளுள் ஒன்று முடிவடைந்த கரையிலே நாம் குடியிருக்கிறோம்.

இக்கரையிலேயே ஒரு பொற்கொல்லன் கதை நடந்தும் இருக்கிறது. 1942 மார்ச்சு 23ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. (அந்நகரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது.) ஏ. ஜி. பேர்டு என்னும் ஆங்கிலேய அதிகாரிமீது ஒற்றன் என்ற குற்றம் சாட்டப்பட்டது. அதற்குச் சான்று, அவர் வீட்டில் எடுக்கப்பட்டதாகக் காட்டிய கம்பியில்லாத் தந்திக் கருவியின் சில உறுப்புகள். காட்டியவன் அவர்மீது பழைய பகை கொண்டிருந்த ஒரு முன்னாள் கைதி என்று போர்க்கால வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். பேர்டு பலர் காணத் தலை துணிக்கப்பட்டார். பிறர் பெட்டியில் நகையை ஒளித்து வைத்து அவரைத் திருடராக்குவதைச் சட்டம் 'பொய்ச்சான்று புனைதல்' என்று வேறு பிரிவில் வைக்கும்; இன்று அது 228ஆம் பிரிவு. சிலம்பும் நகைப்பெட்டியும் தந்திக் கருவியும் ஒரே இனம்.

இனி, நம் நாள்தோறும் வாழ்வுக்கு வருவோம். நீதிமன்றத்தில் சொல்வது சத்தியமாகாது, கோயிலில் கற்பூரம் அணைத்துச் சொல்வதே சத்தியம் என்னும் எண்ணம் நம்மவரிடையே இன்றும் உண்டு. இதற்கு ஒரு பழைய காரணமும் இருக்கின்றது. 1873ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டப்படி, எதிர்க்கட்சிக்காரர் இன்ன முறையில் ஆணையிட்டுச் சொன்னால் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் நீதிமன்றத்தில் சொல்லலாம். அவ்வாறு இட்ட ஆணை, கேட்டவரைக் கட்டுப்படுத்தும். 1969ஆம் ஆண்டின் புதிய சட்டம் இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டது. இன்று கடவுள் பெயரால் ஆணையிடலாம். விரும்பாதார் உறுதிமொழி மட்டும் கூறலாம். இரண்டுக்கும் பொறுப்பு ஒன்றே. ஆணையிடுவிக்கும் முறையில் தவறு நேர்ந்தாலும் உண்மை சொல்லும் கடமை நீங்காது. நோட்டரியின் முன் கையெழுத்திடும் பிரமாணப் பத்திரமும், சட்டப்படி சான்றாக ஏற்கத்தக்கதாயின், இவ்வளையத்துக்குள் வந்துவிடும். நீதிமன்ற நடவடிக்கையில் அளித்த பொய்ச்சாட்சிக்கு ஏழாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிற இடங்களில் மூன்றாண்டும் ஐயாயிரமும்.

செய்தித்தாள்களில் 'பிறழ்சாட்சி' என்னும் சொல்லைக் காண்கிறோம். அதனைப் பொய்ச்சாட்சியோடு ஒன்றாகக் கொள்ளலாகாது. அழைத்த தரப்புக்கு மாறாகச் சொல்லும் சாட்சியை அத்தரப்பே குறுக்கு வினாவ நீதிமன்றம் இடந்தருவது என்பதே அதன் பொருள். முன்பு சொன்னது பொய்யாயிருக்கலாம்; இப்போது சொல்வது பொய்யாயிருக்கலாம்; அச்சுறுத்தலும் இருக்கலாம். பொய்ச்சாட்சி வழக்கை எதிர்க்கட்சிக்காரர் தாமே தொடுத்துவிடவும் இயலாது. நீதியின் பொருட்டு அது வேண்டற்பாலது என்று கருதி நீதிமன்றமே எழுத்து வடிவில் முறையிட வேண்டும். இதனால்தான் பொய்ச்சாட்சிகள் பலவாயினும் தண்டனைகள் அரியவாயின. சட்டத்தின் இவ்வடக்கம் ஓரளவுக்கு நன்மையே. சாட்சி சொல்ல வருவோரெல்லாம் அஞ்சி ஒதுங்கினால் நீதி யாரைக் கேட்கும்?

வேற்றுமொழி வழங்கும் மாநிலத்தில் வாழ்வோர்க்கு மற்றொரு தொல்லையும் உண்டு. தமிழில் சொன்னது மொழிபெயர்ப்பாளர் வாயில் என்னவாகிறது? வேண்டுமென்றே திரித்துப் பெயர்ப்பவரும் பொய்ச்சாட்சி அளித்தவராவார் என்று சட்டமே எடுத்துக்காட்டில் கூறுகிறது. ஆயினும் வஞ்சமின்றியும் பிழை நேரும். "அப்போது வீட்டுக்காரர் உள்ளே இருந்தார்" என்று ஒரு பெண் தன் கணவனைக் குறித்துச் சொல்ல, அது வீட்டின் சொந்தக்காரர் என்று பதிவாகிவிட்டால், மறு விசாரணையில் அவள் முன்னுக்குப்பின் முரணாகப் பேசியவள் ஆவாள். 'மாமா' என்றால் தாயின் உடன்பிறந்தாரா, கணவனின் தந்தையா? எல்லாவற்றிலும் இடர் மிக்கது 'தெரியும்' என்னும் சொல். கண்டதும் தெரியும்; கேட்டதும் தெரியும்; ஊகித்ததும் தெரியும். நம் பேச்சில் மூன்றுக்கும் ஒரே சொல் போதும். நீதிமன்றத்தில் அது போதாது. கண்டேன், இன்னார் சொல்லக் கேட்டேன், அப்படி நினைக்கிறேன் என்று பிரித்துச் சொல்லிவிட்டால், அறியாக்கரி நம்மை அணுகாது. குற்ற வழக்கில் சாட்சியத்தைச் சாட்சிக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துப் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. பிழை இருப்பின் உடனே சொல்லலாம். அது திருத்தப்படும், அன்றி நம் மறுப்பு குறிப்பாகவேனும் எழுதி வைக்கப்படும். கூச்சத்தால் தலையசைத்துக் கையெழுத்திட்டு வருவோரே பலர்.

நம் இராமநாதபுரத்து அன்பரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "நான்கு ஆண்டு என்று எழுதி வாருங்கள், இடுகிறோம்" என்று மட்டும் சொன்னோம். "ஆறு ஆண்டுதானே ஐயா வித்தியாசம்! நம் ஊர்க்காரர் நீங்களே இப்படிச் சொன்னால்..." என்று வருந்தித் தாளை மடித்துக்கொண்டு போனார். சில நாள் எதிரே கண்டாலும் பேசவில்லை. நமக்கும் மனம் சங்கடப்பட்டது; அதை மறைப்பானேன்?

பதினைந்து நாட்களுக்குப் பின் வேறு தாளோடு வந்தார். அதில் நாம் கண்ட நான்கு ஆண்டுகள் மட்டும் எழுதப்பட்டிருந்தன, கையெழுத்திட்டோம். எஞ்சிய ஆறு ஆண்டுகளுக்கு, தாம் முன்பு குடியிருந்த இடத்து வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்துத் தனித்தாள் வாங்கியிருந்தார். வீட்டுக்காரர் என்றது இங்கே வீட்டின் சொந்தக்காரரைத்தான்.