குழந்தைகளின் துணிமணிகள்: துவைப்பும் பராமரிப்பும்

(கோபிசெட்டிபாளையம் ஊராட்சி ஒன்றியத்தில், மகளிர் குழுவினரும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் உங்கள் முன் வந்து நின்றால் சாலை, குடிநீர்த் தொட்டி, வீடு கட்டும் திட்டம் ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ குழந்தைகளின் துணி துவைக்கும் விஷயம். இதை அற்பமென்று யாரும் எண்ண வேண்டாம். ஊருக்குக் குழாய் வந்துவிட்டால் மட்டும் போதாது. அக்குழாய் நீரின் நன்மை குழந்தைக்குப் போய்ச் சேருவது குடிக்கும் தம்ளர் வழியாகவும், உடுத்தும் துணி வழியாகவும் அன்றோ?

பிறந்த குழந்தையின் தோல் மிக மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால், பெரியவர்களுக்கு உள்ளதைவிடக் குழந்தைக்குத் தோலின் பரப்பு அதிகம். ஆகையால் துணியில் தங்கியிருக்கும் எப்பொருளும் குழந்தையின் உடலில் எளிதில் சேரும். துவைத்த துணி வெளுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது நம் வழக்கம். அதனினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. துவைத்து முடித்த பிறகு அத்துணியில் என்ன தங்கியிருக்கிறது? இக்கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் கேட்கச் செய்வதே நம் இன்றைய நோக்கம்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து மகப்பேற்று மருத்துவமனை ஒன்றில், பிறந்த குழந்தைகள் பலவற்றுக்குக் காரணம் தெரியாமல் உடலெல்லாம் வியர்த்துக் கொட்டியது, மூச்சு இரைத்தது. இரண்டு குழந்தைகள் இறந்தன. ஆராய்ந்து பார்த்ததில், துணிகளில் பூஞ்சணம் பிடிக்காதிருக்கக் கடைசியாக அலசும் நீரில் ஒரு மருந்தை அளவுக்கு மீறிக் கலந்து வந்தது தெரிந்தது. துணிகள் பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தன. தீங்கு, சுத்தம் செய்யச் சேர்த்த பொருளிலேயே இருந்தது.

பெட்டித் துணியும் அந்துருண்டையும்

நம் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், பாட்டனாரின் பழைய வேட்டியையோ பாட்டியின் நூல் சேலையையோ கிழித்துப் போர்த்துவது பழைய வழக்கம். பலமுறை துவைத்து மென்மையான நூல் துணி, வியர்வையை உறிஞ்சும், தோலை உராயாது. வழக்கம் நல்லதே. ஆனால் அந்த வேட்டி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பெட்டியிலிருந்தோ பீரோவிலிருந்தோ வருகிறது. அதனுள்ளே, பூச்சி அரிக்காதிருக்க அந்துருண்டை போட்டு வைத்திருப்பார்கள். ஆபத்து அங்கேதான்.

அந்துருண்டை பெரும்பாலும் ‘நாப்தலீன்’ என்னும் பொருளால் செய்யப்படுவது. அது மெல்ல ஆவியாகித் துணியில் ஏறிக்கொள்ளும். குழந்தை அதைச் சுவாசிக்கும். தோல் வழியாகவும் அது உட்செல்லும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ‘ஜி-6-பி-டி’ என்னும் நொதி குறைவாக இருக்கும். இக்குறை ஆண் குழந்தைகளிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. அத்தகைய குழந்தையின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை நாப்தலீன் உடைத்துவிடும். அதனால் சோகையும் கடுமையான மஞ்சள் காமாலையும் உண்டாகும். காமாலை முற்றினால் மூளையைத் தாக்கும். உயிர் போகவும் கூடும். கிரேக்க நாட்டில் இவ்வாறு பாதிக்கப்பட்ட 21 பச்சிளங் குழந்தைகளைப் பற்றி 1963-ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த நொதிக்குறை நம் நாட்டிலும் உண்டு. எந்தக் குழந்தைக்கு உண்டு என்று வீட்டார் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது.

ஆகவே, குழந்தையின் துணி வைக்கும் பெட்டியில் அந்துருண்டை அறவே வேண்டாம். உலர்ந்த வேப்பிலையைச் சிறு துணிப்பையில் கட்டி வைக்கலாம். மாதம் ஒருமுறை துணிகளை எடுத்து வெயிலில் உதறிப் போடுவது அதனினும் சிறந்தது. அந்துருண்டை வாடை ஏறிய துணியை ஒருமுறை அலசிவிட்டுக் குழந்தைக்குப் போர்த்துவது போதாது; அத்துணியை வேறு காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு முன்பே வேண்டிய பழந்துணிகளைத் தேர்ந்து, துவைத்து, வெயிலில் காயவைத்துத் தனியே மூடி வைப்பது அவசியம். பிறந்த குழந்தையின் கண் மஞ்சளித்தாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

உப்புத் தண்ணீரும் சவுக்காரமும்

இனித் தண்ணீருக்கு வருவோம். நம் வட்டாரத்தில் பவானி ஆறு உண்டு. கொடிவேரி அணைக்கட்டிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் நீர் வருகிறது. ஆயினும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் துணி துவைக்கும் வீடுகளும் இருக்கின்றன. உப்புத் தண்ணீரில் சவுக்காரம் நுரைப்பதில்லை. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு அது சேர்ந்து, பிசுக்காகித் துணியின் இழைகளில் படிந்துவிடுகிறது. நுரை வரவில்லையே என்று நாம் மேலும் சவுக்காரம் போடுகிறோம்; பிசுக்கு மேலும் கூடுகிறது. துணி விறைத்துப் பழுப்பேறுகிறது. அதை அணியும் குழந்தையின் கழுத்து மடிப்பிலும் இடுக்குகளிலும் தோல் சிவந்து புண்ணாகிறது.

இதற்குப் பரிகாரம் அதிகச் செலவு பிடிப்பதன்று. துவைக்க உப்புத் தண்ணீரே கிடைத்தாலும், கடைசி அலசலுக்கு மட்டும் ஆற்றுக் குடிநீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். சவுக்காரத் தூளைப் பொட்டலத்தில் கண்ட அளவுக்கு மேல் போடாதீர்கள். வாசனைத் திரவங்கள் குழந்தைத் துணிக்குத் தேவையில்லை. குறைந்தது மூன்று முறை அலசுங்கள். கடைசியாக அலசிய நீரில் ஒரு தம்ளர் எடுத்துக் கலக்கிப் பாருங்கள். நுரை நின்றால் துணியில் இன்னும் சவுக்காரம் இருக்கிறது. இயந்திரத்தில் துவைப்பவர்களும் இந்தச் சோதனையைச் செய்யலாம். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்றார்கள் முன்னோர். கசக்கினால் மட்டும் போதாது. அலசியும் கட்ட வேண்டும்.

தண்ணீருக்குப் பஞ்சமாயிற்றே என்பீர்கள். முதலில் குழந்தையின் துணி, பிறகு பெரியவர்களின் துணி என்று வரிசை வைத்துக்கொண்டால், குழந்தைத் துணியை அலசிய நீரில் பெரியவர்கள் துணியை ஊறப்போடலாம். மலம் பட்ட துணியை அலசிய நீருக்கு மட்டும் இது பொருந்தாது.

ஈரத் துணியும் கறைகளும்

குழந்தையின் மலம் தீங்கற்றது என்பது தவறான எண்ணம். அதிலும் நோய்க்கிருமிகள் உண்டு. மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, துணியைத் தனி வாளியில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, சவுக்காரமிட்டுத் துவைத்து, சூடான நீரில் ஒருமுறை அலசி வெயிலில் போட வேண்டும். பிறகு கையைச் சவுக்காரமிட்டுக் கழுவ வேண்டும். வாய்க்கால் படித்துறையில் இத்துணிகளை அலசுவது கூடாது. நாம் கழுவி விடுவது கீழூர்க் குழந்தையின் குளிக்கும் நீரில் சேரும். மூத்திரம் பட்ட துணியை வெறுமனே காயவைத்து மீண்டும் கட்டுவதும் புண்ணுக்குக் காரணமாகும். தொட்டில் சேலையையும் மறந்துவிடாதீர்கள். குழந்தை நாளில் பாதியை அதில்தான் கழிக்கிறது.

பால், இரத்தம் ஆகியவற்றின் கறையில் முதலிலேயே சுடுநீர் ஊற்றினால் கறை இறுகிவிடும். குளிர்ந்த நீரே முதலில் வேண்டும். வாழைக்கறையைக் காயுமுன் அலசிவிட வேண்டும். ஈரோட்டு மஞ்சளின் பெருமை உலகறிந்தது. அதன் கறையோ சவுக்காரம் பட்டால் சிவந்து பயமுறுத்தும். அஞ்ச வேண்டாம். நன்றாக அலசி நல்ல வெயிலில் போட்டால், அந்நிறம் தானே மங்கிப்போகும். இதற்காக வெளுப்பு மருந்து ஏதும் வேண்டியதில்லை.

மருந்தடித்த துணி

நெல், மஞ்சள், வாழை, கரும்பு என்று விளையும் பூமி நம்முடையது. வயலில் பூச்சிமருந்து தெளித்துவிட்டு வருபவரின் சட்டையும் வேட்டியும், குழந்தையின் சட்டையோடு ஒரே வாளியில் ஊறுவதுண்டு. மருந்து நீரில் கலந்து குழந்தையின் துணியிலும் ஏறும். ஆகவே மருந்தடித்த துணியை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே கழற்றி, அன்றே தனி வாளியில், கையுறை அணிந்து துவைத்து, தனிக் கொடியில் காயப்போட வேண்டும். தண்ணீர் கலக்காத மருந்து கொட்டி நனைந்த துணியைத் துவைக்க முயலாமல் கழித்துவிடுவதே நலம். தெளித்தவர் குளித்து மாற்றுடை உடுத்திய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். இதைத் தாய்மார்கள் சொல்லி ஆண்கள் கேட்பதைவிட, ஆண்களே தங்கள் துணியைத் தாங்களே துவைத்துக்கொள்வது இன்னும் நல்லது. துணி துவைப்பது பெண்களின் வேலை மட்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

காயவைத்தலும் காத்தலும்

வேலியின் மேலும் புல் தரையிலும் துணி உலர்த்துவது நாட்டுப்புறத்தில் காணும் காட்சி. ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ என்னும் காய்ச்சலைப் பரப்பும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் புதரிலும் புல்லிலும்தான் வாழ்கின்றன. நம் மாநிலத்தில் அக்காய்ச்சல் உண்டு. ஆகையால் இரண்டு கம்பம் நட்டுக் கொடி கட்டி, துணியை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிக் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், காற்றோட்டமுள்ள அறையில் முற்றும் உலர்த்திய பின்னரே மடித்து வையுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

வீட்டில் ஒருவருக்குச் சிரங்கு வந்தால், மருத்துவர் சொல்லியபடி அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்வதோடு, முந்திய சில நாட்களில் பயன்படுத்திய துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் சுடுநீரில் துவைக்க வேண்டும். துவைக்க இயலாதவற்றைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் தனியே வைத்தால், சிரங்குப் பூச்சி உணவின்றி மடியும்.

துவைத்த துணியை மடிக்கும்போது பொத்தான்களை இழுத்துப் பாருங்கள். தளர்ந்த பொத்தானைக் குழந்தை விழுங்கிவிடும். காலுறை, கையுறைகளின் உள்ளே பிரிந்த நூல் விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தைத் தடுப்பதுண்டு, அதை வெட்டிவிடுங்கள்.

மிக முக்கியமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். துணி ஊறும் வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும், தவழும் குழந்தை தலைகீழாக விழுந்தால் தானே எழ முடியாது. துணியை எடுத்தவுடன் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். சவுக்காரத் தூளையும் வெளுப்பு மருந்தையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். அவற்றைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது பெருந்தவறு.

தாய்மார்களே! நாம் கூறிய இவற்றில் புதிய திட்டமோ மானியமோ எதுவும் இல்லை. இன்று வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து, குழந்தைத் துணியிடையே உள்ள அந்துருண்டையை எடுத்து அப்புறப்படுத்துங்கள். உங்கள் தெருவில் பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் பெண் எவரேனும் இருந்தால், அவருடைய வீட்டுப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். அங்கன்வாடிப் பணியாளர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் தாய்மார் கூட்டந்தோறும் இதை நினைவூட்ட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். குழந்தையின் துணி வெளுப்பாக இருப்பது கண்ணுக்கு அழகு. அதில் தீங்கு ஏதும் தங்காதிருப்பதே குழந்தைக்குக் காப்பு.