கோல்ஃப் மைதானத்தில் குடியிருப்பா? கொடைக்கானல் யாருக்கு?

(கொடைக்கானலில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் மூஞ்சிக்கல்லில் ஒரு டீக்கடையில் நின்றேன். ஒரு தம்பி வந்து சலாம் சொன்னார். ஓட்டலில் வேலை பார்க்கிறவர். கூச்சப்படாமல் கேட்டார்:

"பாய், தூண் பாறை போற ரோட்டுல நூறு ஏக்கருக்கு மேல புல்லாக் கிடக்கு. நாலு பேரு அதுல பந்து அடிக்கிறாங்க. இங்கே நாங்க ஒரே ரூம்ல ஆறு பேரு படுத்துக் கிடக்கோம். அந்த கோல்ஃப் மைதானத்தை எடுத்து, கீழே கடை, மேலே வீடுன்னு கட்டிக் கொடுத்தா என்ன? நீங்க ஏன் இதை மேடையில பேச மாட்டேங்கிறீங்க?"

நான் பேசுவதற்கு வேறு குறிப்புகள் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அவற்றை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். இன்று அந்தத் தம்பியின் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லப் போகிறேன். ஏனென்றால் அது உங்களில் பலருடைய நெஞ்சில் இருக்கும் கேள்வி.

கேள்வியில் நியாயம் இருக்கிறது

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கப்பட்டது. வெள்ளைக்காரத் துரைமார்கள் கோடைக்கு மலையேறி வந்த காலம் அது. அவர்கள் போய்விட்டார்கள்; மைதானம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்த நகராட்சியின் மக்கள்தொகை 36,501. இவர்களில் எத்தனை பேர் அந்தப் புல்லில் கால் வைத்திருப்பார்கள்? சுற்றுலாப் பயணிக்கு அறை துடைப்பவரும், டாக்ஸி ஓட்டுபவரும், அண்ணா சாலையில் சால்வை விற்பவரும் தலை சாய்க்க இடம் தேடுகிறார்கள். சரிவில் மண்ணை வெட்டித் தகரம் போட்டுக் குடியிருக்கிறார்கள். இதைப் பார்க்கிற இளைஞனுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம்!

கோல்ஃப் மைதானத்தை ஊராக மாற்றுவது நடக்காத காரியமும் அல்ல. நம் உறவினர்கள் பலர் பிழைக்கப் போன சிங்கப்பூரையே பாருங்கள். அங்கே 1904-இல் தொடங்கிய கெப்பல் கிளப் என்ற கோல்ஃப் மைதானம் இருந்தது. 2021 டிசம்பரில் அதன் குத்தகை முடிந்தது. அரசு புதுப்பிக்கவில்லை. அந்த இடம் 48 ஹெக்டேர், அதாவது சுமார் 118 ஏக்கர். அதில் ஏறத்தாழ 9,000 வீடுகள் கட்டத் திட்டம் போட்டார்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, சாதாரண மக்கள் வாங்கக்கூடிய அரசு வீடுகள். 2025 அக்டோபரில் முதல் தொகுதி விற்பனைக்கும் வந்துவிட்டது. பணக்காரர் பந்தடித்த இடத்தில் பஸ் டிரைவரும் ஆசிரியையும் குடியேறப் போகிறார்கள். இதைக் கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் சகோதரர்களே! நாம் வியாபாரிகள். சரக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக எந்த ஊருக்கும் அனுப்பிவிட மாட்டோம். அந்த ஊருக்கு அது செல்லுமா என்று கணக்குப் போடுவோம். இதற்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சின்னக் கணக்கு

சிங்கப்பூர் மைதானமும் நம் மைதானமும் அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே போட்ட திட்டத்தை அப்படியே இங்கே தூக்கி வைத்தால் 9,000 வீடுகள். வீட்டுக்கு 4 பேர் என்றால் 36,000 பேர். இந்த எண்ணைச் சற்று முன்புதான் கேட்டீர்கள்! கொடைக்கானலுக்குப் பக்கத்தில் இன்னொரு கொடைக்கானல் என்று அர்த்தம்.

அந்த 36,000 பேருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 100 லிட்டர் தண்ணீர் என்று சிக்கனமாக வைத்தாலும் 36 இலட்சம் லிட்டர் வேண்டும். எங்கிருந்து வரும்? அப்சர்வேட்டரி நீர்த்தேக்கமும் மனோரஞ்சிதம் அணையும் இருக்கிற ஊருக்கே கோடையில் திணறுவதை உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 40,000 லிட்டர். நூறு ஏக்கரில் 40 இலட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 333 லாரி! ஒரே ஒரு சென்டிமீட்டர் மழைக்கு இவ்வளவு. திறந்த மண்ணாக இருந்தால் அதில் பெரும்பங்கை மலை குடித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஊற்றாகவும் ஓடையாகவும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சிமெண்ட் போட்டு மூடினால் அத்தனையும் ஒரே மூச்சில் சரிவில் பாயும். போகும்போது மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும்.

பழனி மலையின் இயற்கையே சோலையும் புல்வெளியும்தான். பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். இரண்டும் சேர்ந்த பஞ்சு அது. இதில் ஊறிய தண்ணீர்தான் ஒரு பக்கம் மஞ்சளாறாகவும் மருதாநதியாகவும் இறங்குகிறது. மறுபக்கம் பழனி அடிவாரத்துப் பாலாறு - பொருந்தலாறு அணைக்குப் போகிறது. தேவதானப்பட்டியிலும் அய்யம்பாளையத்திலும் பழனியிலும் வயலும் தோப்பும் வைத்திருக்கிறவனின் பிழைப்பு இந்த மேட்டுப் புல்லில் இருக்கிறது. அவனிடம் கேட்காமல் நாம் முடிவு செய்ய முடியுமா?

கோல்ஃப் மைதானத்தில் இருப்பது அசல் மலைப்புல் அல்ல, வெட்டிச் சீர்செய்த புல் என்று ஒரு தம்பி சொல்லலாம். உண்மைதான். ஆனாலும் மண் மூடப்படாமல் இருக்கிறது. காட்டெருமை வந்து மேய்கிறது. கான்கிரீட்டை விட அது ஆயிரம் மடங்கு மேல். தண்ணீரும் புல்லும் மனிதர்கள் அனைவருக்கும் பொதுவானவை என்ற போதனையில் வளர்ந்தவர்கள் நாம். அதை மறந்துவிடக் கூடாது.

சிங்கப்பூர் மைதானம் கடலோரத்துத் தாழ்ந்த பூமி. பக்கத்திலேயே மெட்ரோ ரயில் நிலையங்கள். அங்கேயும் முதலில் சுற்றுச்சூழல் ஆய்வு செய்து, பசுமைக்கென்று இடம் ஒதுக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்கள். நம்முடையது ஏழாயிரம் அடி உயர மலை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களுக்கு என்ன நேர்ந்தது? ஓர் இரவில் நூற்றுக்கணக்கான உயிர்கள்! மலை வீட்டு முகவரி பார்த்து இறங்குவதில்லை.

சென்னையில் என்ன செய்தார்கள்?

கிண்டி குதிரைப் பந்தய மைதானம் உங்களில் பலருக்குத் தெரியும். அதற்குள்ளே ஒரு கோல்ஃப் மைதானமும் இருந்தது. 160 ஏக்கர் அரசு நிலம். 1946-இலிருந்து 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை எவ்வளவு தெரியுமா? 614 ரூபாய்! உங்கள் பெட்டிக்கடைக்கு ஒரு வாரத்து வாடகை கூட இல்லை. வாடகைப் பாக்கி 730 கோடிக்கு மேல் என்று சொல்லி, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்தது. அதே ஆண்டில் உதகையின் பந்தய மைதானத்தில் 52 ஏக்கரும் எடுக்கப்பட்டது. வழக்குகள் ஒரு பக்கம் நடந்தன.

எடுத்த நிலத்தில் என்ன செய்தார்கள்? கிண்டியில் வெள்ள நீரைத் தேக்கக் குளங்கள் வெட்டினார்கள். 118 ஏக்கரில் பூங்கா என்று அறிவித்தார்கள். ஒரு கிரவுண்டு நிலம் கோடிக்கணக்கில் விலை போகும் சென்னையிலேயே, சமவெளியிலேயே, மழை நீருக்கு இடம் வேண்டும் என்று புரிந்துகொண்டார்கள். 2015 வெள்ளம் கற்றுக்கொடுத்த பாடம் அது. மலையில் இருக்கிற நாம் அதை ஒரு வெள்ளம் வந்த பிறகுதான் கற்க வேண்டுமா?

ஓட்டை விழுந்தால் நுழைவது யார்?

நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு இப்போது வருகிறேன்.

மைதானத்தில் கட்டலாம் என்று விதியைத் தளர்த்திவிட்டால், அங்கே கட்டப் போவது யார்? மூஞ்சிக்கல் தம்பியா? ஒரு சென்ட் நிலம் வாங்க அவரால் முடியுமா? வரப் போவது ரிசார்ட். வரப் போவது, வருஷத்தில் பத்து நாள் திறந்து மீதி நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் பங்களா. அந்தத் தம்பிக்குக் கிடைப்பது அங்கேயும் தரை துடைக்கிற வேலைதான்.

இது கற்பனை அல்ல. இதே ஊரில் நடந்த வரலாறு. இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கிய ஓர் ஓட்டல் ஏழு மாடியாக எழும்பியது. 1994-இல் அதற்கு விதிவிலக்குக் கொடுத்து அரசாணை வந்தது. 1985-இல் தொடங்கப்பட்ட பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினர் நீதிமன்றம் போனார்கள். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதிவிலக்கை ரத்து செய்தது. அந்த அரசாணை பின்னர் ஊழல் வழக்காகவும் ஆகி, 2000-இல் தண்டனை, 2001-இல் மேல்முறையீட்டில் விடுதலை என்று நாடே பேசியது.

அதே சட்டம் சிறியவனிடம் வந்தபோது என்ன ஆயிற்று? 2018-க்குப் பிறகு, நீதிமன்ற உத்தரவின்பேரில் அனுமதியில்லாத வணிகக் கட்டடங்கள் வரிசையாகச் சீல் வைக்கப்பட்டன. அவர்களில் பெரியவர்களும் உண்டு. ஆனால் வாடகைக்கு இருந்த சிறு கடைக்காரனுக்கு அரசாணையும் இல்லை, விதிவிலக்கும் இல்லை. அவன் அட்வான்ஸும் போய், சரக்கும் முடங்கி நின்றான். இங்கே உட்கார்ந்திருக்கும் சிலருக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும்.

தவறு எங்கே? இந்த ஊருக்கு முதன்மைத் திட்டம், நீங்கள் மாஸ்டர் பிளான் என்று சொல்வது, 1993-இல் வந்தது. கால் நூற்றாண்டு கழித்துச் சீல் வைக்க வந்தபோதும் கையில் இருந்தது அந்தப் பழைய திட்டம்தான். இதற்கிடையில் பயணிகள் பெருகினார்கள், தொழிலாளர்கள் பெருகினார்கள், கடைகள் பெருகின. அவர்களுக்கு எங்கே இடம் என்று திட்டம் சொல்லவில்லை. சட்டப்படி கட்ட வழி காட்டாமல், சட்டத்தை மீறினாய் என்று பூட்டுப் போட்டால் ஏழை எங்கே போவான்? நம் கோபம் இங்கேதான் திரும்ப வேண்டும்!

நாம் கேட்க வேண்டியது என்ன?

முதலாவது, கடையும் வீடும் சேர்ந்த நெருக்கமான குடியிருப்பு வேண்டும் என்பது சரியான கோரிக்கை. அது நமக்குப் புதிதும் அல்ல. காயல்பட்டினத்து முடுக்குகளைப் பாருங்கள், சென்னை மண்ணடியைப் பாருங்கள். கீழே கடை, மேலே குடும்பம், நடக்கும் தூரத்தில் பள்ளிவாசல், மதரஸா, மருந்துக்கடை. சிங்கப்பூரில் நம் முன்னோர் 1826-இல் சூலியா பள்ளிவாசலை நிறுவியதும் அப்படிப்பட்ட கடைத்தெருவின் நடுவில்தான். குறைந்த நிலத்தில் நிறையப் பேர் மரியாதையாக வாழத் தெரிந்த சமுதாயம் இது. அந்த நெருக்கத்தை ஏற்கெனவே கட்டடம் எழுந்துவிட்ட கடைத்தெருவில், சரிவு குறைந்த இடங்களில், மலைக்கு உரிய உயரத்துக்குள் அனுமதியுங்கள் என்று கேட்போம். புதிய புல்லைத் தொடாதீர்கள், பழைய தெருவைச் சீர்செய்யுங்கள் என்று கேட்போம்.

இரண்டாவது, ஓட்டல் கட்டுகிறவர் தம் தொழிலாளிக்குத் தங்குமிடம் கட்டாமல் அனுமதி பெறக் கூடாது. அறுபது அறை கட்டுகிறவர் அறுபது தொழிலாளியைச் சரிவுக்குத் துரத்துவது என்ன நியாயம்?

மூன்றாவது, மைதானம் புல்லாகவே இருக்கட்டும். ஆனால் மதில் கட்டிய புல்லாக இருக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளும் ஊர் மக்களும் குறிப்பிட்ட நேரங்களில் நடந்துபோக வழி கேட்போம். எந்த கோல்ஃப் புல்லுக்கும் உரமும் பூச்சிமருந்தும் தேவைப்படுகின்றன. ஆகவே ஓடைத் தண்ணீரைச் சோதித்து முடிவை ஊருக்குச் சொல்லும்படி கேட்போம்.

நான்காவது நம் கடமை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி திட்டம் தயாரானால் பொதுமக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்க வேண்டும். பத்திரிகையில் பொடி எழுத்தில் அந்த அறிவிப்பு வரும். பெரிய முதலாளிக்கு அதைப் படிக்க வக்கீல் இருக்கிறார். நமக்கு? படித்த இளைஞர்களே, அந்த வக்கீல் வேலையை நீங்கள் செய்யுங்கள். வார்டு வாரியாக உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். வணிகர்களே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் கட்டட அனுமதி நகலைக் கேளுங்கள். சொந்தக்காரர் கட்டடம் என்றாலும் கேளுங்கள். வெட்கப்பட்டால் பிறகு பூட்டைப் பார்த்து அழ வேண்டிவரும்.

2024 மே 7 முதல் இங்கே இ-பாஸ் வந்தது. மலை எத்தனை வாகனத்தைத் தாங்கும் என்று நீதிமன்றமே ஆய்வு கேட்டது. வியாபாரம் குறையும் என்று நாம் வருந்தினோம். வருத்தம் இயல்பு. ஆனால் மலை கெட்டால் பயணி வர மாட்டான். பயணி வராவிட்டால் கடை எதற்கு?

மூஞ்சிக்கல் தம்பிக்கு என் பதில் இதுதான்: "உனக்கு வீடு வேண்டும் என்பதில் நான் உன் பக்கம். ஆனால் உன் வீட்டுக் குழாயில் வர வேண்டிய தண்ணீரின் மேல் அந்த வீட்டைக் கட்டாதே. புல்லைக் கேட்காதே தம்பி, திட்டத்தில் உன் பங்கைக் கேள். கேட்கப் போகும்போது என்னையும் கூப்பிடு. வருகிறேன்."

சிந்தியுங்கள், செயல்படுங்கள். வஸ்ஸலாம்.