எழுத்து செவி வழியும் சென்று சேரட்டும்



வெள்ளி விழா மலர்ந்துள்ள இந்நாளில் நம் முன்னோரின் இதழ்ப்பணியை முதற்கண் நினைவுகூர்வோம். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' கண்டார். விலையையே பெயராக்கியதன் நோக்கம் யாது? ஏழையின் கைக்கும் எழுத்து எட்ட வேண்டும் என்பதன்றோ! ஆயினும் 1914இல் பண்டிதர் மறைந்தபின் அவர் எழுத்துகள் நெடுங்காலம் பெரும்பாலோர் கண்ணில் படவில்லை. 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அவற்றைத் தொகுத்து வெளியிட்ட பின்னரே பலரும் அறிந்தனர். எழுதினால் மட்டும் போதாது. எழுத்தைக் கொண்டு சேர்ப்பாரும் வேண்டும்.

நம் கரிசல் மண் எழுத்தாளர்களுக்குக் குறைவில்லாதது. இடைசெவல் கி. ராஜநாராயணன், 'பிறகு', 'வெக்கை' தந்த பூமணி, உருளைகுடியில் பிறந்து 'கூகை', 'சூல்' எழுதிய சோ. தர்மன் ஆகியோர் நம் அண்டை ஊரார். மூவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். 1982இல் வந்த 'வெக்கை'யை, 2019இல் 'அசுரன்' திரைப்படம் வந்த பின்னரே தேடியவர் பலர். பக்கத்து ஊர் நூலை நாம் அறிய ஒரு திரைப்படம் வரவேண்டியிருந்தது!

இன்று அந்த வேலையை நம் கையிலுள்ள செல்பேசியே செய்யும். அதனை மாணவரிடமிருந்து பிடுங்கி வைப்பதே ஆசிரியர் கடமை என்று நாமும் எண்ணியிருந்தோம். அது பாதி உண்மையே. தீப்பெட்டி ஒட்டும் தாய்க்குக் கை ஓயாது. செவி ஓய்வாகத்தானே இருக்கிறது? பாட்காஸ்ட் என்னும் ஒலித்தொடர் அச்செவிக்கானது. எழுத்தறியாத முதியோரையும் அது வாசகராக்கும்.

வழி எளிது. வாரம் ஒருமுறை, பத்து நிமிடம், காற்றிரைச்சல் இல்லாத அறையில் பதிவு செய்யுங்கள். யூடியூபில் ஏற்றி, ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புங்கள். சட்டத்தையும் அறிந்து செய்யுங்கள். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நூலுக்குப் பதிப்புரிமை உண்டு. பண்டிதரின் எழுத்துகளைத் தடையின்றி வாசிக்கலாம். வாழும் எழுத்தாளரின் நூலை முழுவதும் வாசிக்க அவரது இசைவு வேண்டும். நூலைப் பற்றிப் பேசவும், அவரையே அழைத்து உரையாடவும் தடை ஏது? ஒவ்வொரு பதிவின் முடிவிலும் நூல் கிடைக்கும் இடத்தையும் விலையையும் சொல்லுங்கள். கேட்டவர் வாங்கினால்தான் எழுதியவர் வாழ்வார்.

சாதி இழிமொழி எழுத வருவாரும் உண்டு. அவரோடு வாதிட்டுக் காலத்தை இழவாதீர். சான்றைப் பாதுகாத்து முறையாகப் புகார் செய்யுங்கள். 'விருப்பம்' எத்தனை என்று எண்ணியும் சோர வேண்டா. பத்துப் பேர் கேட்டு ஒருவர் நூலகப் படி ஏறினாலும் அது வெற்றியே.

ஒரு பைசாவுக்கு எழுத்தைக் கொடுத்தவரின் வழிவந்தோர் நாம். அப்பணியை நம் இளைஞர் இன்றே தொடங்குக!